கொடி பறக்கிறது, பணிமனை எங்கே?

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தின் 75 ஆண்டு வரலாற்றில் இந்திய ஓட்டுநர்கள் பெற்றிருக்கும் புள்ளிகள் மொத்தம் 5. அந்த ஐந்தும் ஒரே நாளில் கிடைத்தவை. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த போட்டியில் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் நான்காவது இடத்தைப் பிடித்தார். அன்று பந்தயத்தில் ஓடியவை ஆறு கார்கள் மட்டுமே. மீதமிருந்த 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே தடத்தை விட்டு விலகிவிட்டன.

காரணம் டயர். அந்த 14 கார்களும் மிஷெலின் டயர்களில் ஓடுபவை. இண்டியானாபொலிஸில் சுவர்போல் சரிந்து உயரும் ஒரு வளைவில் வேகமும் பாரமும் சேர்ந்து அழுத்தும்போது தங்கள் டயர் தாங்காது என்பது இரண்டு நாள்களுக்கு முன்பு நடந்த விபத்தில் அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கத் தடையொன்று அமைக்க வேண்டும் என்ற கோரிக்கையைச் சர்வதேச சம்மேளனம் ஏற்கவில்லை. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. அவற்றுள் ஒன்றில் நரேன் இருந்தார். இதைச் சொல்வது அவருடைய திறமையைக் குறைப்பதற்காக அன்று. உலகின் அதிவேகமான கார்களின் தலைவிதியையும் ஒரு ரப்பர் கலவை தீர்மானிக்கும் என்பதைச் சொல்வதற்காகவே.

டயர் என்றதும் பெரம்பலூர்க்காரனான எனக்கு நாரணமங்கலம் நினைவுக்கு வருகிறது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தக் கிராமத்தில்தான் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பெரிய டயர் ஆலை இயங்குகிறது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மாவட்டத்தில், ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்களுக்கு அந்த ஆலையின் வாயில் ஒரு நம்பிக்கை. இந்த ஆலையும் ஃபார்முலா ஒன்னும் ஒரே கட்டுரையில் இடம்பெறுவது வாசகருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

கார் பந்தயம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மிடையே எழும் கேள்வி ஒன்று உண்டு. 140 கோடி மக்கள் வாழும் நாடு, லட்சக்கணக்கில் கார்களைத் தயாரித்து ஏற்றுமதி செய்யும் நாடு, ஏன் இதில் ஒன்றும் சாதிக்கவில்லை? ஏழை நாடு, பணக்கார விளையாட்டு என்று பதில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தப் பதில் தவறு என்பதற்கு அமெரிக்காவே சாட்சி.

பணம், சந்தை, சாலை, கார் மோகம் எதிலும் அமெரிக்காவுக்குக் குறைவில்லை. ஃபார்முலா ஒன் தொடரின் வணிக உரிமையே 2017 முதல் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஓராண்டில் மூன்று பந்தயங்கள் அந்நாட்டில் நடக்கின்றன. ஆயினும், 1950களில் கணக்குக்காக உலகத் தொடரில் சேர்த்துவைத்திருந்த இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அமெரிக்க அணி தன் சொந்தக் காரில் வென்ற ஃபார்முலா ஒன் போட்டிகள் இரண்டே. 1967இல் டான் கர்னி தானே உருவாக்கிய ஈகிள் காரில் பெல்ஜியத்தில் வென்றார். 1976இல் பென்ஸ்கே அணிக்காக ஜான் வாட்சன் ஆஸ்திரியாவில் வென்றார். அத்துடன் சரி. 2010இல் களமிறங்குவதாக அறிவித்த யு.எஸ்.எஃப்.1 என்ற அணி பந்தயத் தடத்தை எட்டவேயில்லை. 2016இல் வந்த ஹாஸ் அணி 2025 வரை ஒருமுறைகூட முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை.

இந்த இரண்டு வெற்றிகளையும் சற்று உரசிப் பார்த்தால் வேறொன்று வெளிப்படும். கர்னியின் கார் கலிபோர்னியாவில் கட்டப்பட்டது. அதன் இன்ஜின் இங்கிலாந்தின் ரை என்னும் சிற்றூரில் உருவானது. பென்ஸ்கேயின் கார் கட்டப்பட்டதே இங்கிலாந்தின் பூல் நகரில்தான். இன்றைய ஹாஸ் அணிக்கு இன்ஜின் இத்தாலியின் ஃபெராரியிடமிருந்து வருகிறது. காரின் உடற்கூட்டை இத்தாலியின் டல்லாரா நிறுவனம் செய்துதருகிறது. அணியின் ஐரோப்பியப் பணிமனை இங்கிலாந்தின் பான்பரியில் இருக்கிறது. உலகச் சாம்பியன் பட்டம் வென்ற இரு அமெரிக்கர்களில் பில் ஹில் 1961இல் ஓட்டியது ஃபெராரி. மரியோ ஆண்ட்ரெட்டி 1978இல் ஓட்டியது இங்கிலாந்தின் லோட்டஸ். 2026 பருவத்துக்கு அனுமதி பெற்ற கெடிலாக் அணியும் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் இடம்பிடித்த பிறகே காரைக் கட்டத் தொடங்கியது.

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் ஏன் இத்தனை இருக்கின்றன என்று எவரும் கேட்பதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. கல் இருக்கும் இடத்துக்கு ஆலை வந்தது. பந்தயக் காருக்கும் இப்படி ஒரு படிவப்பாறை உண்டு. அது மண்ணில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. கார்பன் இழையை வார்க்கத் தெரிந்தவர், கியர் பெட்டியின் பல்லை மயிரிழைத் துல்லியத்தில் வெட்டுபவர், காற்றின் போக்கைக் கணிப்பவர், ஓர் இரவுக்குள் காரைப் பிரித்துப் பூட்டுபவர். இத்தகையோர் ஆயிரக்கணக்கில் ஒரு மணிநேரப் பயணத் தொலைவுக்குள் வாழும் வட்டாரம் உலகில் ஒன்று உண்டென்றால் அது ஆக்ஸ்ஃபோர்டையும் நார்த்தாம்ப்டனையும் சுற்றியுள்ள பகுதி. ஓர் அணி மூடப்பட்டால் அங்குள்ள தொழிலாளி வீட்டை மாற்றாமலே அடுத்த அணியில் சேர்ந்துவிடுவார். அமெரிக்கர்களிடம் இத்தகைய வட்டாரம் இல்லாமல் இல்லை; ஆனால் அது இண்டியானாபொலிஸையும் ஷார்லட்டையும் சுற்றி, வேறு வகைப் பந்தயங்களுக்காக வளர்ந்தது. அங்கே கற்றதை அப்படியே ஃபார்முலா ஒன்னுக்கு மாற்றிவிட முடியவில்லை.

நம் ஃபோர்ஸ் இந்தியாவின் கதையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

2007இல் விஜய் மல்லையாவும் டச்சுத் தொழிலதிபர் ஒருவரும் சேர்ந்து 8.8 கோடி யூரோவுக்கு ஸ்பைக்கர் என்ற அணியை வாங்கினர். மறு ஆண்டு அது ஃபோர்ஸ் இந்தியா ஆயிற்று. அதன் பணிமனை சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்துக்கு அருகில் இருந்தது. அதே இடத்தில் 1991 முதல் இயங்கியது அயர்லாந்துக்காரரான எடி ஜோர்டானின் அணி. பிறகு அது மிட்லேண்ட் ஆனது, ஸ்பைக்கர் ஆனது, இந்தியா ஆனது. 2018இல் நிதி நெருக்கடியில் சிக்கி, கனடாவின் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழுவிடம் சென்றது. ரேசிங் பாயின்ட் ஆனது. 2021இல் ஆஸ்டன் மார்ட்டின் ஆனது. முப்பது ஆண்டுகளில் பெயர்ப்பலகை ஆறு முறை எழுதப்பட்டது. பணிமனை நகரவில்லை.

நரேன் 2005இல் ஐந்து புள்ளிகளைப் பெற்றது இதே பணிமனையின் காரில்தான் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அப்போது அதன் பெயர் ஜோர்டான். இந்தியக் கொடியின் நிறங்களைப் பூசிக்கொண்ட பத்தாண்டுகளில் அந்த அணிக்காக ஓர் இந்தியர்கூடப் பந்தயத்தில் கார் ஓட்டவில்லை. நரேனும் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் வேறு கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது. ஹெச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் அணியில் இருவருக்கும் இடம் கிடைத்தது. 2010இல் பஹ்ரைனில் தன் முதல் பந்தயத்துக்கான தகுதிச்சுற்றில்தான் சந்தோக் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டினார். அதற்கு முன் கார் தயாராகவே இல்லை. அந்த அணி ஒரு புள்ளியும் பெறாமல் 2012 இறுதியில் மறைந்தது.

ஃபோர்ஸ் இந்தியா மோசமான அணி அன்று. இதைச் சொல்லியாக வேண்டும். 2009இல் பெல்ஜியத்தில் ஃபிசிகெல்லா தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்து, பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அணிகளின் தரவரிசையில் நான்காம் இடம். செலவிடப்பட்ட பணத்துக்கும் பெற்ற பலனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் அதுவே அக்காலத்தின் சிறந்த அணி என்பேன். ஆனால் அந்தத் திறமை சில்வர்ஸ்டோன் தொழிலாளர்களுடையது. நம்முடையதாக இருந்தவை பெயரும் பணமும். கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் கடனில் மல்லையா சிக்கினார்; 2011இல் பங்கு வாங்கிய சஹாரா குழுமத்தின் தலைவர் 2014இல் சிறை சென்றார்; பணமும் வற்றியது. உரிமையாளர் மாறியபோது 400க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வேலை காப்பாற்றப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020இல், அதே பணிமனையின் கார் பஹ்ரைனில் நடந்த சாகிர் போட்டியில் வென்றது. செர்ஜியோ பெரெஸ் ஓட்டினார். நாம் அங்கே இல்லை.

மகிந்திரா நிறுவனம் ஃபார்முலா இ எனப்படும் மின்கார்ப் பந்தயத்தில் அதன் தொடக்க ஆண்டான 2014 முதல் அணி நடத்துகிறது, வெற்றிகளும் கண்டிருக்கிறது. அதன் பணிமனை எங்கே என்று தேடினால் பான்பரிக்கு வந்து சேருவோம். அமெரிக்காவின் ஹாஸ் அணி இருக்கும் அதே ஊர். இரண்டு பெரிய நாடுகள் தம் கனவை ஒரே சிற்றூரில் வாடகைக்கு எடுத்திருக்கின்றன.

சில்வர்ஸ்டோனுக்கு மட்டும் இது எப்படி வாய்த்தது? இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுதளம் அது. போர் முடிந்தது, ஓடுதளம் சும்மா கிடந்தது, கார் பிரியர்கள் அதில் பந்தயம் நடத்தினர். 1950 மே மாதம் ஃபார்முலா ஒன் உலகத் தொடரின் முதல் போட்டி அங்கேதான் நடந்தது. இதைப் படிக்கும் சென்னைவாசிகளில் வயதானவர்களுக்கு வேறோர் இடம் நினைவுக்கு வரக்கூடும். சோழவரம்! அதுவும் இரண்டாம் உலகப்போர்க்கால ஓடுதளம். அங்கும் போருக்குப் பின் கார்கள் ஓடின. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைக் காணப் பல்லாயிரம் பேர் திரண்டனர். மல்லையாவே 1980களில் என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரை இறக்குமதி செய்து சோழவரத்தில் ஓட்டியவர்தான்.

ஒரே வகைத் தொடக்கம். ஒன்று தொழிலாக வளர்ந்தது, மற்றொன்று நினைவாகத் தேய்ந்தது. என் கருத்தில் காரணம் பந்தயத் தடத்தில் இல்லை. அதைச் சுற்றியிருந்த கொட்டகைகளில் இருக்கிறது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் விமானத் தொழிலில் பழகிய கைகள் வேலை தேடின. கூப்பர் என்ற தந்தையும் மகனும் சர்பிட்டனில் இருந்த தங்கள் வாகனப் பட்டறையில், பழைய ஃபியட் காரின் பாகங்களையும் மோட்டார் சைக்கிள் இன்ஜினையும் கொண்டு சிறிய பந்தயக் கார் ஒன்றைச் செய்தனர். அதையே பலருக்கும் செய்து விற்றனர். பதின்மூன்று ஆண்டுகளுக்குள் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் உலகச் சாம்பியன் ஆனார். உதிரிபாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் கார்களுக்கு அந்நாட்டில் விற்பனை வரி இல்லை. லோட்டஸ் நிறுவனம் அந்தச் சலுகையில் ஊன்றி வளர்ந்தது. வரிச்சட்டத்தின் ஒரு சிறு சலுகை ஒரு தொழிலுக்குத் தொட்டில் ஆயிற்று. நம்மிடமோ அக்காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க கார் வகைகள். இறக்குமதிக்கு உரிமமும் கடும் வரியும். சோழவரத்தில் வேகமாக ஓடியவை பெரும்பாலும் வெளியில் வாங்கி வந்தவை அல்லது அம்பாசிடரையும் ஃபியட்டையும் மாற்றிக் கட்டியவை.

இதற்கு விதிவிலக்காக ஒருவர் வந்தார். கோவை லட்சுமி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன். மாருதி 800 காரின் இன்ஜினைப் பொருத்தி, ஒற்றை இருக்கையும் வெளியே தெரியும் சக்கரங்களும் கொண்ட எளிய பந்தயக் காரை அவர் உள்ளூரிலேயே வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். விலை குறைவு, எல்லாருக்கும் ஒரே கார், கெட்டால் உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்யலாம். நரேன் உட்பட ஒரு தலைமுறையே அதில்தான் பழகியது. கூப்பர் குடும்பம் அங்கே செய்ததை இங்கே செய்யத் தொடங்கிய மனிதர் அவர். 1995இல் சிறு விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 41. கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் நினைவுக்கு அது பொருத்தமானதுதான். ஆனால் அவர் நடத்திய வகைப் பட்டறைகள் பத்து உருவாகியிருந்தால் அதைவிடப் பொருத்தமாக இருந்திருக்கும்.

பிறகு நாம் மேலிருந்து கட்டத் தொடங்கினோம். 2011இல் டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் புத் சர்வதேசத் தடம் திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் போட்டி நடந்தது. மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். அரசின் பார்வையில் அது விளையாட்டு அன்று, கேளிக்கை. கேளிக்கை வரி, சுங்க வரி, வருமான வரி என்று சிக்கல்கள் பெருகின. 2013க்குப் பின் போட்டி வரவில்லை. அந்தத் தடம் இந்தியாவில் வரி விதிக்கத்தக்க நிலையான தொழிலிடமே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அங்கே ஃபார்முலா ஒன் கார்களின் சத்தம் அடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2024இல் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தபோது, அரசுப் பணத்தை இதில் செலவிடலாமா என்ற விவாதம் எழுந்தது. ஒரு சாரார் பெருமை என்றனர், மறுசாரார் வீண் என்றனர். அந்தக் கார்களில் உள்ளூரில் செய்யப்பட்ட பாகம் எத்தனை என்ற கேள்வி என் காதில் அதிகம் விழவில்லை. தெருவை ஒருநாள் பந்தயத் தடமாக்குவதை நான் எதிர்க்கவில்லை. திருவிழா நடக்கட்டும், தேர் எங்கே செய்யப்பட்டது என்று கேட்பதும் நம் உரிமை.

இப்போது டயருக்குத் திரும்புகிறேன். அமெரிக்க அணிகள் தோற்றன என்றேன். ஆனால் அமெரிக்கா முழுவதும் தோற்கவில்லை. ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே அதிக வெற்றிகளைக் கண்ட டயர் அமெரிக்காவின் குட்இயர். 1965இல் மெக்சிகோவில் தொடங்கி, 1998இல் விலகும் வரை 368 வெற்றிகள். ஃபோர்டு நிறுவனம் பணம் கொடுக்க, இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனம் உருவாக்கிய டி.எஃப்.வி. இன்ஜின் 155 போட்டிகளில் வென்றது. அணி நடத்தப் போன இடத்தில் தடுமாறிய நாடு, தனக்குக் கைவந்த பொருளைக் கொண்டுபோன இடத்தில் அசைக்க முடியாததாக இருந்தது.

எம்.ஆர்.எஃப். கண்டிருக்கும் வழியும் ஏறக்குறைய இதுவே. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் துணையோடு டயருக்கு வந்த நிறுவனம் அது. ஃபார்முலா ஒன் அணியை அது வாங்கவில்லை. மண்சாலைகளிலும் மலைச்சாலைகளிலும் ஓடும் ரேலி பந்தயங்களுக்கு டயர் செய்தது. ஆசிய பசிபிக் தொடரில் அதன் அணிக்காக ஓட்டிய கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார். பிறகு ஐரோப்பாவுக்குச் சென்றது. 2022இல் ஐரோப்பிய ரேலி தொடரில் அணிக்கான பட்டமும், அதன் டயரில் ஓட்டிய ஸ்பெயின் வீரர் எஃப்ரென் யரேனாவுக்கு ஓட்டுநர் பட்டமும் கிடைத்தன. புகழ்பெற்ற ஐரோப்பிய டயர்களை அவர்களுடைய மண்ணிலேயே தோற்கடித்த இந்திய ரப்பர் அது. ஃபோர்ஸ் இந்தியா வாங்கப்பட்ட நாளில் வந்த தலைப்புச் செய்திகளில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை.

ஃபார்முலா ஒன்னில் இன்று ஒரே நிறுவனம்தான் எல்லா அணிகளுக்கும் டயர் தருகிறது. 2011 முதல் அது பிரெல்லி. குட்இயர் நுழைந்த அந்தப் போட்டிக் கதவு இப்போது மூடியிருக்கிறது. ஆகவே நாரணமங்கலத்திலிருந்து மொனாக்கோவுக்கு நேர்வழி உண்டென்று நான் சொல்ல வரவில்லை. என் ஆசை அதைவிடச் சிறியது.

ஆண்டுதோறும் கோவையின் கரி தடத்தில் ஃபார்முலா பாரத் என்ற போட்டி நடக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, தாங்களே பற்றவைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களுடன் வருகிறார்கள். வேகம் மட்டுமின்றி வடிவமைப்பு, செலவுக் கணக்கு, தயாரிப்பு முறை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூப்பர் பட்டறைக்கும் கரிவரதன் பட்டறைக்கும் இன்று நம்மிடம் இருக்கும் நெருங்கிய உறவு இதுதான். இந்த மாணவர்களை ஐ.டி.ஐ.களோடும் டயர் ஆலையோடும் உதிரிபாகத் தொழிற்கூடங்களோடும் இணைக்க ஒரு தெருப்பந்தயத்தின் செலவில் சிறு பங்கு போதும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளி வேலை தவிர வேறொரு வாசலும் அதனால் திறக்கலாம்.

முதலில் டயரிலிருந்தே தொடங்கலாம். இத்தகைய மாணவர் கார்களுக்கு வேண்டியது சிறிய, மென்மையான, வழுவழுப்பான பந்தய டயர். நம் மாணவர் அணிகளில் பல அதற்காக ஹூசியர் என்ற டயரைச் சுங்கம் கட்டி இறக்குமதி செய்கின்றன. ஹூசியர் என்பது இண்டியானா மாநிலத்து மக்களின் பட்டப்பெயர். கார் பந்தயப் பிரியர் ஒருவர் 1957இல் தொடங்கிய அந்த நிறுவனம் இண்டியானாபொலிஸ் இருக்கும் அதே மாநிலத்தில், ஒரு சிற்றூரில் அந்த டயரைச் செய்கிறது.